கிபிருக்குப் பிறகு எதை வாங்குவது?

நம் இலங்கை விமானப்படை, தன்னிடமுள்ள கிபிர் போர் விமானங்களுக்கு அடுத்து எந்தப் பல்பணிப் போர் விமானத்தை வாங்க வேண்டும் என்று நண்பர்கள் எழுதும்போதெல்லாம் வேகமும் ஏவுகணையின் தூரமும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. நான் முதலில் கேட்பது, அதன் எஞ்சின் யாருடையது என்பதைத்தான்.

கிபிர் இஸ்ரேலில் கட்டப்பட்டது. அதன் ஜே-79 எஞ்சினோ அமெரிக்காவின் வடிவமைப்பு. ஆகவே இஸ்ரேல் விற்க நினைத்தாலும் அமெரிக்காவின் சம்மதம் வேண்டியிருந்தது. இந்தியாவின் தேஜஸ், சுவீடனின் கிரிப்பன் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து கட்டும் ஜேஎஃப்-17 ரஷ்ய எஞ்சினில் பறக்கிறது. புதிய தேஜஸுக்கான எஞ்சின்கள் நேரத்துக்கு வராமல் இந்திய விமானப்படையே காத்திருந்தது. அப்படியிருக்க, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லை என்று அறிவித்த நமக்கு, உதிரிப்பாகத்துக்கான வரிசையில் எந்த இடம் கிடைக்கும்?

தெரிவு செய்வதும் எளிதல்ல. 126 விமானங்களுக்காக 2007இல் இந்தியா கோரிய கேள்விமனுவில் ஆறு வகை விமானங்கள் போட்டியிட்டன. 2012இல் பிரான்சின் ரஃபேல் தெரிவாகியும், விலையிலும் உள்நாட்டு உற்பத்திப் பொறுப்பிலும் இழுபறிப்பட்டு, 2016இல் 36 விமானங்களுக்கே ஒப்பந்தம் கையெழுத்தானது.

நமக்குரிய கடற்பரப்பு நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. அதைக் கண்காணிக்க, 2022இல் இந்தியா தந்த டோனியர் 228 போல மெதுவாக நெடுநேரம் சுற்றும் விமானமே பொருத்தம். ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க 2021இல் ஏறத்தாழ 5 கோடி டொலருக்கு ஒப்பந்தமாகியிருக்கிறது. வான்காவலுக்கு இப்போதைக்கு அது போதும் என்பது என் உறுதியான கருத்து.

மலைநாட்டிலிருந்து பார்ப்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் பாதைகளை அறுத்துப்போட்டபோது, ஹெலிகொப்டருக்கு இடம் தெரியட்டும் என்று தோட்டத்து மைதானத்தில் கட்டில் விரிப்புகளை விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்துவிட்டு நாங்கள் காத்திருந்தோம். மூட்டத்துக்குள் ஹெலிகொப்டரின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தேய்ந்து போனது. மறுநாள் அது இறங்கியதும், இரத்தச் சுத்திகரிப்புக்கு நாள் தவறியிருந்த லயத்துப் பெரியவர் ஒருவரைத்தான் முதலில் ஏற்றினோம். அந்த நாட்களில் கொத்மலைப் பக்கம் மக்களை மீட்க இந்தியாவின் எம்ஐ-17 ஹெலிகொப்டர்களும் வரவேண்டியிருந்தது.

உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. ஹெலிகொப்டர் தூக்கும் பாரமும் குறைகிறது. ஆகவே விமானப்படை அடுத்து ஒரு கேள்விமனு கோரினால் அது ஹெலிகொப்டருக்காக இருக்கட்டும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு எழும்பும் என்ற கேள்வி அதன் முதல் வரியில் இருக்கட்டும்.