நன்னீர் மட்டிக்கும் சிறுநீரகம் உண்டு

“தண்ணீரிலேயே கிடக்கும் நன்னீர் மட்டிக்குச் சிறுநீரகம் எதற்கு? பாலைவனக் கங்காரு எலிக்குத்தான் அது தேவை” என்று சிலர் நினைப்பது தவறு. மட்டிக்கும் சிறுநீரகம் உண்டு, அதற்கு ஓய்வே கிடையாது. ஆற்றுநீரைவிட மட்டியின் உடல்நீரில் உப்பு அதிகம் என்பதால், சவ்வூடு பரவலால் (உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் ஊடுருவுவதால்) தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றியே ஆக வேண்டும். கூடவே போய்விடும் உப்பை ஈடுகட்ட, செவுள்கள் ஆற்றல் செலவழித்து ஆற்றுநீரிலிருந்து உப்பை உறிஞ்சுகின்றன. இத்தனைக்கும் மட்டியின் ரத்தத்தின் உப்புச் செறிவு கடல்நீரில் சுமார் 20-இல் 1 பங்குதான். இவ்வளவு குறைவாக வைத்திருப்பதால்தான் உள்ளே வரும் தண்ணீரைச் சமாளிக்க முடிகிறது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

அப்புறம், வட அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்தில் வாழும் கங்காரு எலி, சிலர் நினைப்பதுபோல் உடம்பில் தண்ணீரைச் சேமித்து வைப்பதில்லை. அது தின்னும் உலர்ந்த விதைகள் ஆற்றலுக்காக உடலுக்குள் எரிக்கப்படும்போது உண்டாகும் நீர்தான் அதற்குக் கிடைக்கும் தண்ணீரில் பெரும்பங்கு. அதன் சிறுநீர் நம்முடையதைவிட சுமார் 4 மடங்கு செறிவாக இருக்கும்.