மீன்பிடித் தொழிலாளர்களுக்கு முதுகுவலி வராது என்பது உண்மையா?

“கடலில் உழைத்து இறுகிய உடம்புக்கு முதுகுவலியும் மூட்டுவலியும் வருவதில்லை, அதனால்தான் மீன்பிடித் தொழிலாளர்கள் இவற்றுக்காக மருத்துவரிடம் போவதில்லை” என்று பரவிவரும் செய்தி தவறானது.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், இத்தொழிலில் இருப்போரிடம் கீழ்முதுகு, தோள், முழங்கால், மணிக்கட்டு வலி பரவலாக இருப்பதையே காட்டுகின்றன. நீரில் ஊறிக் கனத்த வலையைக் குனிந்தபடியே இடுப்பைத் திருப்பி இழுக்கும்போது கீழ்முதுகின் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. ஆடும் படகில் சும்மா நிற்பவரின் கால் தசைகள்கூட ஓய்வதில்லை. கரையில் மீன் வெட்டுவோருக்கோ, குளிரில் விறைத்த விரல்களால் கத்தியை இறுகப் பிடித்து ஒரே அசைவை நாள் முழுவதும் செய்வதால் மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படலாம்.

மருத்துவரிடம் போகாததை வலியின்மைக்குச் சான்றாகக் கொள்வதே இச்செய்தியின் பெரும்பிழை. வேலைக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை என்பதாலும், வலியைத் தொழிலின் பங்காகவே ஏற்றுப் பழகிவிட்டதாலும் பலர் வலி மாத்திரையோடு நாளைக் கடத்துகிறார்கள். தசை, மூட்டு வலிகளைப் பற்றிய ஆய்வுகளில் பயன்படும், 1987-இல் வெளியான நார்டிக் வினாப்பட்டியலும், கடந்த 12 மாதங்களில் வலி இருந்ததா என்பதையும் அது வேலையைத் தடுத்ததா என்பதையும் தனித்தனியாகவே கேட்கிறது.

முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.