25 கோடி கணக்கு தவறு

'தொகுதி நிதியா அஞ்சு வருஷத்துக்கு 25 கோடி வந்துச்சு, செலவு போக மிச்சத்தை எம்.பி. அமுக்கிட்டார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2019இல் ஜெயித்த எந்த எம்.பி.க்கும் 25 கோடி ஒதுக்கீடே கிடையாது.

எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி என்பது சரிதான். ஆனால் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஏப்ரலில் மத்திய அரசு இந்த நிதியை நிறுத்திவைத்தது. 2020-21க்குப் பூஜ்யம். 2021 நவம்பரில் திரும்பக் கொடுத்தபோதும் அந்த ஆண்டின் மீதிக்கு 2 கோடி மட்டும். ஆக 2019-20 முதல் 2023-24 வரை 5 + 0 + 2 + 5 + 5, மொத்தம் 17 கோடி. கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் இதே உச்சவரம்புதான்.

அடுத்து, இந்தப் பணம் எம்.பி. கைக்கே வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார். மதிப்பீடு போட்டு ஒப்புதல் தருவது மாவட்ட நிர்வாகம். 2023 மார்ச் வரை பணம் ஆட்சியர் கணக்குக்கு 2.5 கோடி வீதம் இரண்டு தவணையாக வந்தது. பழைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் உரிய வேலைக்குச் செலவானது என்ற சான்று) போகாவிட்டால் அடுத்தது நின்றுவிட்டது. பல தொகுதிகளில் பணம் தேங்கியது இங்கேதான்.

அதற்காக எம்.பி.யை விட்டுவிடச் சொல்லவில்லை. அவரைப் பிடிக்க வேண்டிய இடம் வேறு: எந்தெந்தத் தேதியில் எத்தனை வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்? பட்டியல் சாதியினர் பகுதிகளுக்கு 15 சதவீதம், பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதம் பரிந்துரைத்தாரா? கடைசி வருஷம் மொத்தமாக அள்ளிக் கொடுத்திருந்தால், அதைத் தாராளமாகத் திட்டலாம்.