எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஒன்றா?

"குழந்தைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே பிற்காலத்தில் புற்றுநோய் வரும், ஸ்கேனும் அப்படித்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி செங்கோட்டை, புளியரைப் பக்கம் சுற்றுகிறது. தவறு.

ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் படும் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் நம் எல்லோர் மேலும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் படுகிறது. கணக்குப் போட்டால் ஒரு எக்ஸ்ரே அதில் மூன்று நாள் அளவுதான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், கதிர்வீசும் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சே பல மடங்கு. அங்குள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ இரண்டிலும் எக்ஸ்ரே கதிரே கிடையாது. வயிற்று வலிக்கு எடுப்பது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட்தான். அதற்குப் போய் பயந்தால் என்ன செய்வது?

பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் சிடி ஸ்கேன் வேறு கதை. கதிர் அளவு அதிகம். 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு குழந்தைகளுக்குச் சிறிய கூடுதல் புற்றுநோய் ஆபத்தைக் காட்டியது. அதற்கு முன்பே, 2008-இல், அமெரிக்காவில் தொடங்கிய 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம் குழந்தையின் உடலளவுக்கேற்பக் கதிரைக் குறைக்கச் சொன்னது. சிடி எழுதினால், "அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாதா டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் தலையில் பலமாக அடிபட்டு, உடனே எடுக்கச் சொன்னால், வாட்ஸ்அப்பை மூடிவிட்டு எடுத்துவிடுங்கள்.