பாயிண்ட் 22 தானே!

நேற்று மதியச் சாப்பாட்டின்போது அலுவலக நண்பர் ஒருவர், "பாயிண்ட் 22 எல்லாம் குருவி சுடத்தான் லாயக்கு. ஆள் விழணும்னா 45 வேணும்" என்று அடித்துச் சொன்னார். இந்த எண்கள் எல்லாம் தோட்டாவின் விட்டம், அங்குலக் கணக்கில்: 22 என்றால் 0.22 அங்குலம், 45 என்றால் 0.45. துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை; எல்லாம் வீடியோ கேம் ஞானம். நானும் தொட்டதில்லை, அது வேறு விஷயம்.

1968இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டல் ஒன்றில் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் தலையில் பாய்ந்தது அந்தக் குருவித் தோட்டாதான். மறுநாள் இறந்துபோனார். 1981இல் அமெரிக்க அதிபர் ரீகனைத் தாக்கியதும் 22தான், அதுவும் காரில் பட்டுத் தெறித்து வந்தது. நுரையீரலைக் கிழித்தது, ஏகப்பட்ட ரத்தம் போனது. சில நிமிடங்களில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பிழைத்தார்.

இப்போது பெரிய தோட்டாவுக்கு வருவோம். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டது 44 வகை ரிவால்வர். முதுகில் புகுந்த குண்டு முக்கிய உறுப்பு எதையும் துளைக்கவில்லை. ஆனால் டாக்டர்கள் கழுவாத விரலை மாற்றி மாற்றி உள்ளே விட்டுத் தேடினார்கள். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் உலோகம் தேடும் கருவியோடு வந்து தேடியும் அகப்படவில்லை. சீழ் பிடித்து, 79 நாள் கழித்து இறந்தார். இந்தச் சாவை யார் கணக்கில் எழுதுவது? தோட்டா கணக்கிலா, விரல் கணக்கிலா?

சரி, 45 மோகம் எங்கிருந்து வந்தது? பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படையை எதிர்த்த மோரோ முஸ்லிம் வீரர்கள் 38 தோட்டா பட்டும் பாய்ந்து வந்தார்கள் என்று அமெரிக்கப் படைக்குள் புகார். 1904இல் தாம்ஸன், லகார்ட் என்ற இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சிகாகோ கசாப்புக்கூடங்களில் மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள், மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். 45க்குக் குறையக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். சில மாடுகளை வைத்துச் செய்த சோதனைதான் இன்றுவரை சாப்பாட்டு மேசையில் வேதவாக்கு!

அப்புறம் இன்னொன்று. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் மனைவியையும் பிரின்சிப் சுட்டதும் 1948இல் டெல்லியில் கோட்சே சுட்டதும் ஒரே ரகத் தோட்டா: குட்டை 9 மி.மீ., அதாவது 0.380 அங்குலம் என்று பெயர் கொண்ட ரகம். துப்பாக்கிப் பிரியர்கள் பலர் 'சவலை' என்று ஒதுக்குகிற ரகம். அங்கே இரண்டு குண்டில் இரண்டு உயிர், இங்கே மூன்று குண்டில் காந்தி.

இதை நண்பரிடம் சொன்னேன். "அதெல்லாம் கிட்ட நின்னு சுட்டதுப்பா" என்றார்.

அதைத்தானே நானும் சொல்கிறேன்!