மஸ்டாங் இறக்கை பளபளக்காது சார்

ஞாயிற்றுக்கிழமை விமான மாடல் போட்டியில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், போட்டோவும் சுற்றிவிட்டது. அதனால் முழுக்கதை வேண்டாம். போட்டிக்கு வந்த தம்பி ஒருவன் 1/48 அளவில் செய்த மஸ்டாங்கை, அந்த இரண்டாம் உலகப்போர் அமெரிக்கப் போர்விமானத்தை, நடுவர்கள் கையில் எடுத்து (வெறுங்கையால், அது தனி வயிற்றெரிச்சல்) திருப்பிப் பார்த்துவிட்டு, "உடம்பு ஒரு சில்வர், இறக்கை ஒரு சில்வர், ஃபினிஷ் சீராக இல்லை" என்று மதிப்பெண் தாளில் எழுதினார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு பெரியவர், "பெயிண்ட் தீர்ந்துபோச்சா தம்பி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சீராக இல்லைதான் சார். இருக்கவும் கூடாது.

பி-51டி மஸ்டாங்கின் இறக்கை லேமினார் ஃப்ளோ வகை. காற்று அதன்மேல் கலையாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது கணக்கு. ஒரு ரிவெட் தலை துருத்திக்கொண்டிருந்தாலோ, இரண்டு தகடுகளுக்கு நடுவே இடுக்கு இருந்தாலோ அந்தக் கணக்கு கெட்டுப்போகும். அதனால் அதைத் தயாரித்த நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் பட்டி பார்த்து மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் அலுமினிய நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். உடம்புக்கு அந்த வேலை கிடையாது, அது வெறும் தகடு. ஆக, மஸ்டாங் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே உடம்பு உலோகம், இறக்கை பெயிண்ட். தம்பி செய்திருந்தது அதைத்தான். உடம்புக்குப் பளபளப்பான கறுப்பு அடித்து, அதன்மேல் ஆல்கிளாட் என்ற உலோகச் சாயல் லாக்கரைக் குறைந்த அழுத்தத்தில் மெல்லிய படலமாக ஏற்றியிருந்தான். ஒவ்வொரு பேனலாக டேப் ஒட்டி, சிலவற்றில் ஒரு சாயல் கூட்டி, சிலவற்றில் குறைத்திருந்தான். இறக்கைக்கு மட்டும் டாமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-16 பெயிண்ட், பளபளப்பில்லாத அலுமினியம். தெரிந்தே செய்த வேலை. பெயிண்ட் தீரவில்லை ஐயா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த விமானத்தின் ரட்டர் (வாலில் திசை திருப்பும் பலகை) துணி போர்த்தியது. டோப் என்ற இறுக்கும் பூச்சு பூசி, சில்வர் அடித்த துணி. முதல் பரிசு வாங்கிய மஸ்டாங்கைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. நல்ல உழைப்பு, மறுக்கவில்லை. அதன் ரட்டரில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது, அவ்வளவுதான்.

உடனே ஒருவர் அமெரிக்க ஏர்ஷோ படம் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார், மூக்கிலிருந்து வால்வரை மின்னும் மஸ்டாங். வந்தும்விட்டார், இன்பாக்ஸில். சார், அது இன்றைக்கு ஒரு செல்வந்தர் ஆசையாக வைத்திருக்கும் விமானம். தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி வைத்திருக்கிறார், அவர் இஷ்டம். 1944-இல் இங்கிலாந்தில் மழையிலும் சேற்றிலும் நின்று, காலையில் ஜெர்மனிக்குப் போய் மாலையில் திரும்பிய விமானத்துக்கு அது சாட்சியாகாது. நம்மூர் ரவுண்டானாவில் நிற்கும் பழைய போர்விமானத்துக்கும் இதே கதைதான். வருஷா வருஷம் யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்து "அசல் நிறம்" என்று பாடம் நடத்துகிறோம்.

"களத்தில் தரைப்பணியாளர்கள் மெழுகு போட்டுத் தேய்த்ததும் உண்டே?" உண்டு. பெயிண்டை மெழுகு போட்டுத் தேய்த்தால் பளபளப்பான பெயிண்ட் கிடைக்கும். அலுமினியம் கிடைக்காது. அடுத்த கேள்வி.

"நடுவர் ஒவ்வொரு விமானத்தின் வரலாற்றையும் படித்துக்கொண்டு வர முடியுமா?" முடியாது. இதை நான் மனதார ஒத்துக்கொள்கிறேன். மேஜை நிறைய மாடல்கள், நேரமும் குறைவு. ஆனால் தெரியாத இடத்தில் "ஏன் தம்பி இப்படிச் செய்தாய்?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? அவன் பக்கத்திலேயே நின்றான். இறக்கையைப் பற்றிக் குறிப்பு எழுதிய தாளையும் மாடலுக்குக் கீழேயே வைத்திருந்தான். யாரும் புரட்டவில்லை.

என்.எம்.எஃப்., அதாவது வெறும் உலோகம் போன்ற ஃபினிஷ், பூசியவர்களுக்குத் தெரியும், அதைவிடக் கொடுமையான ஃபினிஷ் இல்லை. காமஃப்ளாஜ் என்றால் பாதிக் குற்றத்தைப் பச்சை நிறமே மறைத்துவிடும். இங்கே ஒரு மயிரிழைக் கீறல், சரியாக இழைக்காத ஒட்டுக்கோடு, ஒரு விரல் ரேகை எல்லாம் சேர்ந்து கத்தும். 400 நம்பரில் தொடங்கி 2000 வரை உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து, கறுப்பு அடித்த பிறகுதான் எங்கே கோட்டை விட்டோம் என்று தெரியும். மறுபடி தேய்க்க வேண்டும். டேப்பை உரித்தால் கூடவே பெயிண்ட்டும் வரும். மேலே க்ளியர் கோட் அடித்தால் உலோகச் சாயல் செத்துப்போகும், அடிக்காவிட்டால் டெகால் ஸ்டிக்கரின் ஓரம் வெள்ளையாகத் தெரியும். லாக்கர் தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானப் பார்சலில் ஏற்ற மாட்டேன் என்பார்கள். விமானத்துக்கு அடிக்கிற பெயிண்ட், விமானத்தில் வராது! இத்தனையையும் தாண்டி ஒரு கல்லூரிப் பையன் செய்துகொண்டு வருகிறான். நமக்கு எவர்சில்வர் கடை மாதிரி மொத்தமும் ஒரே மினுக்காக மின்னினால்தான் மதிப்பெண்.

"நீ ஏன் அவனுக்காக வக்காலத்து வாங்குகிறாய், அவன் கேட்டானா?" கேட்கவில்லை. எனக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது, அதனால்தான்.

என் சேபர் ஞாபகம் இருக்கிறதா? கொரியப் போர்க்கால எஃப்-86 ஜெட் போர்விமானம். பெயிண்டே அடிக்காமல், சமையலறை அலுமினியத் தாளைப் பேனல் பேனலாக வெட்டி, பசை தடவி ஒட்டிச் செய்தது. பஞ்சுக்குச்சியால் நீவி நீவி, ஒவ்வொரு துண்டுக்கும் தேய்க்கும் திசையை மாற்றி. அசல் விமானத்திலும் பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒரே மாதிரி ஒளியை வாங்காது, அதற்காக. வீட்டில் இட்லிக்குத் தாள் இல்லாமல் போனதற்கு வாங்கிய திட்டு வேறு. கொண்டுபோய் வைத்தேன். "என்ன சார், பிரியாணி பார்சலா?" என்றார் ஒருவர். தாளில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "உலோகம் போல் தெரியவில்லை." அசல் அலுமினியம் ஐயா அது! மேஜையில் இருந்த மற்ற எல்லாமே பிளாஸ்டிக் மேல் பெயிண்ட், என்னுடையது மட்டும்தான் உலோகம். அதைத்தான் உலோகம் போல் இல்லை என்றார்கள். நானும் அன்றைக்குச் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். அப்புறம் எஃப்-100 என்ற இன்னொரு ஜெட் போர்விமானம் செய்தேன். அதன் பின்பகுதி ஜெட் சூட்டில் நீலமும் பழுப்புமாகச் சாயமேறியிருக்கும், டைட்டானியம் அப்படித்தான் நிறம் மாறும். அதைப் பார்த்து "துரு நன்றாக வந்திருக்கிறது" என்று பாராட்டினார்கள். பாராட்டுதானே, வாங்கி வைத்துக்கொண்டேன். டைட்டானியம் எங்கே துருப்பிடிக்கிறது?

கடைசியாக, "மாடல் என்பது கலை, அழகாக இருந்தால் போதாதா?" என்பவர்களுக்கு. போதும். தாராளமாக மின்னட்டும். உங்கள் மேஜை, உங்கள் மஸ்டாங். ஆனால் அப்படியானால் "கலை" என்று ஒரு பிரிவு வைத்துப் பரிசு கொடுங்கள். மதிப்பெண் தாளில் "அசலோடு பொருத்தம்" என்று ஒரு கட்டத்தை அச்சடித்துவிட்டு, அசலோடு பொருந்திய ஒரே மஸ்டாங்குக்கு அந்தக் கட்டத்திலேயே மதிப்பெண் குறைத்தால் எப்படி? இதில் என்ன நியாயம் என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன். "சின்னப் பையன், கற்றுக்கொள்வான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் கற்றுக்கொண்டுதான் வந்தான். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று இரண்டு பேர் அக்கறையாகச் சொன்னார்கள். கூப்பிடாவிட்டால் பஸ் காசு மிச்சம்.

கமெண்டில் படம் போடுகிறவர்கள் 1944, 45-இல் எடுத்த படமாகப் போடுங்கள். ஏர்ஷோ படம் போட்டால் அழித்துவிடுவேன். தம்பியின் பெயரைக் குறிப்பிட்டு யாரும் டேக் செய்ய வேண்டாம், அவனுக்குத் திங்கட்கிழமை செமஸ்டர் பரீட்சை.