பொம்மைக்காக வாங்கினேன், சீட்டில் தோற்கிறேன்

சின்ன உருவங்களையும் சீட்டுகளையும் வைத்து ஆடும் மேசை விளையாட்டு வார்ஹாமர் அண்டர்வேர்ல்ட்ஸ், அது உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை அண்ணே என்று அலுவலகத் தம்பி நேற்றும் கேட்டான். மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பிடிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. 2017-இல் இதன் முதல் பதிப்பான ஷேட்ஸ்பயர் பெட்டி வந்தபோது அந்தச் சின்ன உருவங்களைப் பார்த்துத்தான் விழுந்தேன். பெட்டிக்குள் 2 படைகள், ஒன்றில் 3 பேர், இன்னொன்றில் 5 பேர். அப்புறம் தனியாக வந்த 7 எலும்புக்கூடுகள், செபுல்க்ரல் கார்ட், அதுதான் என் படை. ஒட்டப் பசைகூட வேண்டாம், அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். வண்ணம் பூசத்தான் மூன்று வாரம் ஆனது. கோலாலம்பூர் செத்தாபாக் அடுக்குமாடி பால்கனியில், மழைக்கு முந்தைய ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்து, வெள்ளை பூத்துப்போய், இரண்டு பேரைச் சுரண்டி மறுபடி ஆரம்பித்த கூத்தும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு மேசையில் இறக்கினால் என்ன நடக்கிறது? ஆட்டம் 3 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு 4 முறை. அதாவது மொத்தம் 12 தடவைதான் கை வைக்க முடியும், அதில் என் எலும்புக்கூடுகளில் பாதிப் பேர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். எதிரே தம்பி யாரையும் அடிப்பதே இல்லை. ஓரமாக இருக்கும் கட்டத்தில் போய் நிற்கிறான், கையிலிருந்து ஒரு சீட்டைக் காட்டுகிறான், புள்ளி எடுக்கிறான். 12 குறிக்கோள் சீட்டும் (சொன்னதைச் செய்தால் புள்ளி தருபவை) 20 பவர் சீட்டும் (ஆட்களுக்குக் கைகொடுப்பவை) எவை எவை என்று முந்தின இரவே வீட்டில் உட்கார்ந்து கோர்த்துவிட்டான், நான் பகடையை உருட்டுவதற்கு முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த இரவு வேலையும் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் கேரம் ஆடும்போது எதிராளி ஸ்டிரைக்கரை எப்படிச் சுண்டுகிறான் என்று கண்ணால் பார்க்கிறேன், தோற்றாலும் எங்கே தோற்றேன் என்று தெரிகிறது. இங்கே என்னைத் தோற்கடித்த வேலையை நான் பார்க்கவே இல்லை.

பழைய பதிப்பில் இன்னொரு தொல்லை. எந்தப் படைக்கும் பொருந்துகிற நல்ல சீட்டுகள் வேறு வேறு படைகளின் பெட்டிக்குள் கிடந்தன. ஒரே ஒரு சீட்டுக்காக எனக்குத் துளியும் பிடிக்காத படையை வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறேன், வீட்டுக்காரிக்கு இன்றுவரை விலை தெரியாது (இந்தப் பதிவைப் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்). அந்த உருவங்கள் இன்னும் அலமாரியில் பிளாஸ்டிக் நிறத்திலேயே நிற்கின்றன.

2024-இல் வந்த எம்பர்கார்ட் பதிப்பில் இது எவ்வளவோ பரவாயில்லை என்கிறான் தம்பி. உண்மைதான், 32 சீட்டு கொண்ட தயார் கட்டுகள் இரண்டை எடுத்துக் கலந்துகொண்டால் போதும். பணச்செலவு குறையும், சரி. எந்த இரண்டைக் கலப்பது, அதில் எதைக் கழிப்பது என்ற கணக்கு மறுபடியும் வீட்டில்தானே நடக்கப்போகிறது?

நான் இப்போது ரைவல்ஸ் முறையில் மட்டும்தான் ஆடுகிறேன். ஒரே கட்டு, பெட்டியில் வந்தபடி 32 சீட்டு, ஒன்றைக்கூட மாற்றக்கூடாது. போட்டிக்குப் போகிறவர்கள் இதைச் சின்னப்பிள்ளை ஆட்டம் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். செத்தாபாக், வங்சா மாஜு பக்கம் யாராவது சனிக்கிழமை இப்படி ஆட வருவதாக இருந்தால் சொல்லுங்கள். தம்பி வரமாட்டான், கேட்டுப் பார்த்துவிட்டேன்.